மூன்று தலைமுறையின் நிறை: கொழும்புக்கு வந்த நம் பிள்ளைகள்

(கொட்டாஞ்சேனையில் ஞாயிறு மாலை நடைபெற்ற கொழும்பு வாழ் அங்கத்தினர் கூட்டத்தில், சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு. அந்த அரை நாளில் துணி துவைக்க வேண்டும், தோட்டத்துக்குப் போன் எடுத்துப் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. சம்பளம் பேசாத சங்கக் கூட்டமா என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். பொறுங்கள் தோழர், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். இன்று பேசப் போவது நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். அம்மாயி பிறந்தது 1974இல். அது எந்த வருஷம் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். கூப்பன் அரிசி வெட்டுப்பட்ட காலம், மாவுக்கும் பாணுக்கும் விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம். லயத்தில் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று நாளைக் கழித்தார்கள். அந்தப் பஞ்சத்தில் நாடு முழுவதும் கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் மரணம் அதிகமாக விழுந்தது தோட்டங்களில்தான். மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று காட்டுப் பக்கம் பிழைக்கப் போன குடும்பங்களும் அப்போது போனவைதான்.

அந்தப் பஞ்சத்தில் பிறந்த பெண் பிழைத்தார், வளர்ந்தார், மலைக்குப் போனார். 1998இல் வயிற்றில் பிள்ளையோடு, கூடையும் தலையுமாக, கடைசி மாதம் வரை கொழுந்து எடுத்தார். பிறந்த மகளின் நிறை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை என்று வைத்தியத்தில் கணக்கு.

அந்த மகள் 15 வயதில் வெள்ளவத்தைக்கு வீட்டு வேலைக்கு வந்தாள். அன்றைய சட்டம் 14 வயதிலேயே வேலைக்கு விட்டது. 2021இல்தான் அதை 16 ஆக உயர்த்தினார்கள். அந்த வீட்டில் அடித்தார்கள், சூடு வைத்தார்கள் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. நல்ல வீடு என்றுதான் சொல்கிறாள். ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிஞ்சியதை, குசினித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன் தலையும் குழம்பும் வரும், மீன் வராது. உடம்பு வளர வேண்டிய வயது அப்படிப் போனது. பிறகு ஒரு கடையில் வேலை. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவரோடு கல்யாணம். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை. இப்போது அவளுக்கு ஒரு பெண் பிள்ளை. பிறந்தபோது 2 கிலோ 300.

பிள்ளைக்கு நிறை ஏறவில்லை என்று கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த ஒருவர் தராசைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தோட்டத்து ஆட்கள்தானே, உங்களுக்கு இப்படித்தான், கட்டையான சாதி."

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்தப் பேச்சு. அதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. நம்மிலேயே எத்தனை பேர் அப்படிச் சொல்கிறோம்! "எங்க வம்சமே சின்ன உருவம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்தது. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்திறங்கிய ஏழைகளைப் பார்த்து, இவர்கள் மட்டமான இனம், உடம்பு மாறாது என்றார்கள். பிரான்ஸ் போவாஸ் என்ற அறிஞர் 1908 முதல் நியூயோர்க்கில் ஏறத்தாழ 18,000 பேரை அளந்து பார்த்தார். அங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரைப் போல இல்லை. தாய் அங்கே வந்து எவ்வளவு காலம் ஆகியிருந்ததோ, அவ்வளவுக்கு வித்தியாசமும் கூடியிருந்தது.

இன்னும் நமக்கு நெருக்கமான உதாரணம் குவாத்தமாலா நாட்டு மாயா மக்கள். அவர்களும் கோப்பித் தோட்டங்களில் கூலிக்கு மாரடித்தவர்கள். உலகிலேயே மிகக் கட்டையான மக்களில் ஒருவர் என்று பேர் வாங்கியவர்கள். உள்நாட்டு யுத்தத்தில் தப்பி அமெரிக்காவுக்குப் போன மாயாக் குடும்பங்களின் பிள்ளைகளை, 2000ஆம் ஆண்டளவில் பரி போகின் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அளந்தார்கள். ஊரில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளைவிட 10 சென்டிமீட்டருக்கு மேல் உயரம்! இரத்தம் அதேதான். தண்ணீரும் சாப்பாடும் மருந்தும் வேறு.

நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. அரசாங்கத்தின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2006-07இல் நூற்றுக்கு 40.2. பத்து வருஷம் கழித்து 2016இல் 31.7. சாதி காரணம் என்றால் பத்து வருஷத்தில் சாதி மாறிவிட்டதா? அதே 2016இல் நாடு முழுவதற்கும் 17.3, நகரத்துக்கு 14.7. குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் 2016இலும் தோட்டத்தில் மூன்று பிள்ளைகளில் ஒன்று என்ற கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோஷப்படுவது?

இந்தக் கணக்கில் எங்களை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. இங்கே நகரம் ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம். கொட்டாஞ்சேனை அறையில் வளரும் நம் பிள்ளை எந்தப் பக்கம்? நகரப் பிள்ளை என்று எழுதிவிடுவார்கள். பணக்காரப் பிள்ளைகளோடு சேர்த்துச் சராசரி போட்டால் நம் பிள்ளையின் மெலிவு அதில் கரைந்து போகும். தாய் வெள்ளவத்தையில் வேலை செய்ய, பிள்ளை அம்மாயியோடு மலையில் வளர்ந்தால் அது தோட்டத்துக் கணக்கு. அதன் தாய் கொழும்பில் இருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. இரண்டிலும் நம் நிலைமை எழுதப்படுவதில்லை.

சரி, சாதி இல்லை என்றால், கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு ஏன் தோட்டத்து நிறை? இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளை ஒன்று தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அதன் வயிற்றுக்குள் கருமுட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக வருவதில்லை. அப்படியானால் 1998இல் அந்த அம்மாயி கூடையோடு மலை ஏறியபோது அவரோடு ஏறியவர்கள் எத்தனை பேர்? அவர், வயிற்றில் மகள், அந்த மகளுக்குள் இன்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் பேத்தியின் கருமுட்டை. மூன்று தலைமுறை ஒரே உடம்பில் ஏறியது. பெரட்டில் எழுதியது ஒரு பேர்தான்.

குறைந்த நிறையில் பிறந்தவள் கட்டையாக வளர்வாள். இடுப்புக் குறுகலாக இருக்கும், இரத்தம் குறைவாக இருக்கும். அவள் வயிற்றில் வரும் பிள்ளைக்கும் இடமும் ஊட்டமும் குறையும். அதோடு லயத்துக் காம்பராவில், பத்து அடிக்குப் பன்னிரண்டு அடியில், விறகுப் புகை. புகை பட்ட தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் அபாயம் அதிகம். வெற்றிலையும் புகையிலையும் அதற்கு மேல். இது வம்சம் இல்லை, கடன். அம்மாயிக்குக் கொடுக்காத சாப்பாட்டுக்குப் பேத்தி வட்டி கட்டுகிறாள்.

இந்தக் கடனை அடைக்க முடியுமா என்றால், முடியும். அதே குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சத்துள்ள கஞ்சி கொடுத்தார்கள். வேறு கிராமங்களில் வெறும் சர்க்கரைப் பானம் மாதிரி ஒன்று. பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சிறு வயதில் கஞ்சி குடித்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் நிறையாகப் பிறந்திருந்தார்கள். தாய்க்கு மூன்று வயதில் கொடுத்த கஞ்சி, இருபது வருஷம் கழித்து மகளின் நிறையில் தெரிந்தது. ஆகவே இன்று உங்கள் மூன்று வயது மகளுக்கு ஒரு முட்டை கொடுத்தால் அது அவளுக்கு மட்டும் இல்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். நம் ஆட்கள் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தபோது கொலராவில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த வழிதான். பிறகு மண்டபம் முகாம் வந்தது. ஊசியும் சோதனையும் வந்தன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் இங்கே வந்து கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தது, அதுவும் முதலில் தோட்டங்களில். வெள்ளைக்காரத் துரைமாருக்கு நம் மேல் பாசம் பொங்கியதா? புழு இரத்தத்தைக் குடித்தால் கொழுந்து குறையும். கூலியின் இரத்தச் சோகை துரையின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம். ஆகவே வேலை செய்யும் அளவுக்கு மருந்து, அதற்கு மேல் இல்லை. தோட்டத்து வைத்தியம் அரசாங்கத்தோடு சேராமல் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நெடுங்காலம் கிடந்தது. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. வாக்கு இல்லாதவன் ஆஸ்பத்திரி கேட்டால் யார் கொடுப்பார்கள்?

இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவிலும் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. நம் பாட்டிமார் பத்துப் பெற்று ஐந்தைப் புதைத்தார்கள். இன்று பிறக்கும் பிள்ளை பிழைக்கிறது. தடுப்பூசி, மருத்துவிச்சி மிஸ்ஸிமார், அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம், எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பிழைத்ததோடு எல்லாரும் திருப்தி அடைந்துவிட்டோம். வளர்கிறதா என்று பார்க்கவில்லை. தோட்டத்தில் கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுக்கிறோம். கால் கிலோ வெட்டினால் தராசு பிடித்தவரோடு சண்டை, வேலை நிறுத்தம். பிள்ளையின் நிறை வெட்டுப்பட்டதற்குச் சங்கம் என்றைக்காவது சண்டை பிடித்ததா? இது மற்றவர்களைக் குற்றம் சொல்லும் பேச்சு இல்லை. நம் சங்கத்தைப் பார்த்து நாங்களே கேட்கும் கேள்வி.

இப்போது கொழும்புக்கு வருவோம். இங்கே வந்தால் பிள்ளை தேறிவிடும் என்று நினைத்துத்தான் வந்தோம். லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி பக்கத்தில், மாநகர சபைக் கிளினிக் நடக்கும் தூரத்தில். உண்மைதான், காய்ச்சல் வந்தால் காப்பாற்ற இங்கே வசதி அதிகம். ஆனால் காய்ச்சல் இல்லாத நாளில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது? அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடுவதில்லை. காலையில் கடைப் பணிஸ், பகலில் பாக்கெட் நூடுல்ஸ், மாலையில் ரோல்ஸும் சோடாவும். தோட்டத்தில் ரொட்டியும் சம்பலும், இங்கே மாவும் எண்ணெய்யும் சீனியும். மாவு மட்டும் நம்மை விடவில்லை.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. புனேயில் டொக்டர் யாஜ்னிக் என்பவர் இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்து கண்டது இது: நம் பிள்ளைகள் நிறை குறைவாகப் பிறந்தாலும் கொழுப்புக் குறைவதில்லை. தசை குறைவு, கொழுப்பு மட்டும் மிச்சம். பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. வயிற்றில் பட்டினிக்குப் பழகிய உடம்பு அது. அதற்குப் பிறகு நகரத்துச் சீனியைக் கொட்டினால் முப்பது, முப்பத்தைந்து வயதிலேயே நீரிழிவு வந்து நிற்கும். நம் அங்கத்தினர் எத்தனை பேர் நாற்பதுக்கு முன்னமே கிளினிக் கார்ட் வைத்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! அம்மாயியின் பட்டினியும் பேரனின் சீனி வருத்தமும் வேறு வேறு நோய் இல்லை.

சோடாப் போத்தலில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிற அடையாளம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். எழுத்துத் தெரியாதவர்களும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர்களே கடையில் கண்டுபிடிப்பார்கள். இன்னொன்று நம் தொழிலைப் பற்றியது, சொன்னால் கோபிக்கக் கூடாது: சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்காதீர்கள், பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். தேயிலைச் சாயம் சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே கதைதான்.

ஆனால் சாப்பாட்டு உபதேசம் செய்துவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. எல்லாம் தாயின் தலையில் கட்டிவிட்டுப் போவது சுலபம். அந்தக் கொட்டாஞ்சேனைப் பெண் என்ன செய்தாள் என்று மிச்சக் கதையையும் கேளுங்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் தலவாக்கலைக்குக் கொண்டுபோய் அம்மாயியிடம் விட்டுவிட்டாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். மிஸ்ஸி படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் அறை வாடகை இல்லை. அம்மாயியோ இன்னும் கொழுந்துக்குப் போகிறவர், ஐம்பத்தோரு வயது. ஆகவே பிள்ளை காலையில் பிள்ளைக்காம்பராவில், போத்தல் பால்மாவோடு. பால்மா விலை தெரியும்தானே. ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கோடு விழாமல் என்ன செய்யும்?

சட்டம் என்ன சொல்கிறது? தோட்டத்துப் பெண்ணுக்கு 1939ஆம் வருஷத்து மகப்பேற்று நன்மைச் சட்டம் உண்டு. கடையில் வேலை செய்பவளுக்கு 1954ஆம் வருஷத்துக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உண்டு. 2018இல் திருத்தம் வந்த பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு. முன்னர் மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான். பெயரை எழுதாமல், நியமனத் துண்டு கொடுக்காமல் வைத்திருக்கும் கடையில் இந்தச் சட்டத்தை எங்கே போய்க் காட்டுவது? வீட்டு வேலை செய்யும் தங்கைக்கு அதுவும் இல்லை. வீட்டு வேலைக்காரருக்கென்று தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் போட்டது. அது வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கான சட்டம், பிள்ளைத்தாய்ச்சியைக் காப்பதற்கு இல்லை. வெள்ளவத்தை வீடுகளில் வயிறு தெரிந்ததும் "ஊருக்குப் போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். போனால் திரும்பி வர இடம் இருக்காது.

இங்கே பதிந்த தாய் அங்கே போய்விட்டால், அங்கே மிஸ்ஸியின் புத்தகத்தில் பெயர் இல்லை. இங்கே தேடினால் ஆள் இல்லை. அறைக்கு விலாசக் கடிதம் கொடுக்க வீட்டுக்காரருக்குப் பயம். இப்படியே திரிபோஷவும் நின்று போகிறது, நிறை பார்ப்பதும் நின்று போகிறது. 1973இல் தொடங்கிய திரிபோஷ, 2022 நெருக்கடியில் எல்லாருக்கும் தட்டுப்பட்டது. நம்மவர்களுக்கு நல்ல காலத்திலும் தட்டுப்படுகிறது.

ஆகவே சங்கம் என்ன செய்யப் போகிறது? சம்பளப் பேச்சு வார்த்தை மேசையில், பிள்ளைக்காம்பராவில் தினம் ஒரு முட்டை என்பதும் ஒரு கோரிக்கையாகப் போக வேண்டும் என்று மாதர் பிரிவு எழுதிக் கொடுத்திருக்கிறது. வீட்டு வேலைக்கும் மகப்பேற்று லீவு சட்டமாக வேண்டும் என்று தொழில் அமைச்சுக்குக் கொடுக்கும் மனுவில் இன்று உங்கள் கையொப்பம் வேண்டும். தோட்டத்துக் கிளினிக்கில் பதிந்தாலும் கொழும்பில் பதிந்தாலும் தாய் போகும் இடத்துக்கெல்லாம் பதிவு போக ஏற்பாடு வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரிகளைச் சந்தித்துக் கேட்கப் போகிறோம். விலாசம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் எங்களிடம் வாருங்கள், ஒருவர் கூடவே வருவார்.

அடுத்த ஞாயிறு இதே இடத்தில், மூன்று மணிக்கு, பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளைப் பார்க்கப் போகிறோம். நாங்கள் டொக்டர் இல்லை, மருந்து கொடுக்க மாட்டோம். அட்டையில் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று மட்டும் பார்த்து, படுத்திருந்தால் திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளைத் தூக்கி வாருங்கள். பிள்ளையைத் தோட்டத்தில் விட்டிருப்பவர்கள், இன்று இரவு அம்மாயிக்குப் போன் எடுக்கும்போது அட்டையை எடுத்துக் கடைசியாக எழுதிய நிறையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்துக் காம்பராப் பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லட்டும். அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், திகதியோடு.